பர்லியார் கடைக்காரர் கையில் இருக்கும் முதல் அரை மணி நேரம்



ஊட்டிக்குப் போகிறவர்கள் பர்லியாரில் வண்டியை நிறுத்தாமல் போவது அபூர்வம். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் வரும் காலம்னா ரோட்டோரக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. இன்ஜின் சூடு ஆறட்டும்னு ஒரு டீ, பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் பழம், அப்புறம் மேலே கிளம்ப வேண்டியதுதான். கீழே கல்லாறு, மேட்டுப்பாளையம். மேலே மரப்பாலம், காட்டேரி, குன்னூர். நடுவில் கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

இந்த இடத்தை வைத்து குண்டுவெடிப்பு, விஷவாயு, அவசர சிகிச்சை என்று பேசினால், "அதெல்லாம் டெல்லி, மும்பை சமாச்சாரம், நம்ம மலைக்கு எதுக்கு"ன்னு சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறதுக்கு முன்னாடி இந்த ரோட்டின் மேல்முனையில் என்னென்ன இருக்குன்னு எண்ணிப் பாருங்க. வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி, மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை, அமிலமும் வெடிபொருளும் புழங்கும் இடம். குன்னூரில் 1907-ல் வந்த பாஸ்டர் நிறுவனம். இதெல்லாம் போக, சீசன் நாளில் மலையேறும் ஜனம். 2025 ஏப்ரல் முதல் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே கணக்குப் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம்.

மலையடிவாரத்தில் இருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கு கோவை. 1998 பிப்ரவரி 14 அன்று அங்கே நடந்ததை மறந்தவர்கள் கொங்கு மண்டலத்தில் இருக்க முடியாது. சாயங்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பித்து அடுத்தடுத்து குண்டுகள். 58 பேர் உயிர் போச்சு, 200-க்கும் மேல் காயம். அன்னைக்கு குண்டு வெடித்த இடங்களில் ஒன்று கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காயம்பட்டவன் எங்கே ஓடுவானோ அங்கேயே வெச்சாங்க. பத்து வருஷம் கழித்து, 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்திலும் இதே கொடூரம். நகரத்தில் வெடித்ததில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு சிவில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர்கள் மத்தியில் அடுத்த குண்டு வெடித்தது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், உக்கடத்தில் கோயில் முன்னால் கார் வெடித்ததும் நேற்று நடந்த மாதிரிதான் இருக்கு.

இதையெல்லாம் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. கோவையில் ஒன்று நடந்தால் நீலகிரியில் உயிருக்குப் போராடுகிற நோயாளிக்கு என்ன ஆகும்னு யோசிக்க வேண்டியிருக்கு. மேலே முடியாதுன்னு எழுதிக் கொடுத்தால் நம்ம ஜனம் காலங்காலமா இறங்குகிற ஒரே திசை கோவைதான். அந்த ஆஸ்பத்திரி ஒரே சாயங்காலத்தில் நிரம்பிப் போனால், மலை தன் காலில் தானே நிற்கணும். மலையில் ஒன்று நடந்தாலும் கதை அதேதான். இந்த ரோடு அடைபடும்.

ரோடு அடைபட்டால் என்ன ஆகும்னு பர்லியார்க்காரங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிஞ்சு ரோட்டையே அள்ளிக்கிட்டுப் போனதை இங்கே பெரியவங்க இன்னும் சொல்றாங்க. 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணில் புதைஞ்சாங்க, ரோடு துண்டு துண்டாச்சு. 2023 செப்டம்பர் 30 ராத்திரி, தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து சுற்றுலா வந்து திரும்பிய பஸ் மரப்பாலம் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. 9 பேர் இறந்தார்கள். இருட்டில் கயிறு கட்டி, தோளில் சுமந்து மேலே ஏற்றி, குன்னூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். கவனிங்க, அது ஒரே ஒரு பஸ். அதில் விஷம் இல்லை, அடுத்து எங்கே வெடிக்கும்னு பயம் இல்லை. அதுக்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரி விடிய விடிய நின்றது.

இப்போ 2021 டிசம்பர் 8. காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். முதலில் யார் ஓடினார்கள்? பக்கத்து வீட்டுக்காரர்கள். வீட்டிலிருந்த குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லை, கம்பளியில் வைத்துத் தூக்கினார்கள். பிறகு ராணுவமே அந்த ஊருக்கு வந்து கைகூப்பி நன்றி சொன்னது, ஒரு வருஷத்துக்கு ஊரைத் தத்தெடுப்பதாக அறிவித்தது.

அன்று மதியமே தொலைக்காட்சியில் "சதியா? தாக்குதலா?" என்று விவாதம் ஆரம்பமாச்சு. பின்னால் முப்படை விசாரணை நாசவேலை இல்லை என்று சொன்னது. ஆனால் கம்பளியோடு ஓடிய அந்த மக்களுக்கு அந்த நிமிஷத்தில் எதுவும் தெரியாது. உள்ளே வெடிமருந்து இருக்கா, புகையில் விஷம் இருக்கா, இன்னொன்று வெடிக்குமா என்று எதுவுமே தெரியாமல்தான் ஓடினார்கள். எந்த ஊரிலும், எந்தத் தாக்குதலிலும் முதல் அரை மணி நேரம் இப்படித்தான் இருக்கும். காயம் முதலில் வரும், காரணம் ரொம்ப நேரம் கழிச்சு வரும். மறுநாள் உடல்களை வெலிங்டனிலிருந்து சூலூருக்குக் கொண்டு போன வரிசையில் ஒரு ஆம்புலன்ஸே மேட்டுப்பாளையம் பக்கத்தில் விபத்தில் சிக்கி, உடலை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். ரோட்டைக் காலி பண்ணி, போலீஸ் முன்னும் பின்னும் போகும்போதே இந்த நிலைமைன்னா, சாதாரண நாளில் நாற்பது காயக்காரர்களோடு இந்த வளைவுகளில் என்ன ஆகும்?

அணு, ரசாயன, உயிரியல் ஆபத்துகளுக்கென்று நாட்டில் தனிப் பயிற்சி பெற்ற படை இருக்கு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் நம்ம அரக்கோணத்திலேயே இருக்கு. மூடிய உடை, கருவிகள், நல்ல பயிற்சி எல்லாம் உண்டு, குறை சொல்ல மாட்டோம். ஆனால் அரக்கோணம் எங்கே, பர்லியார் எங்கே? அவர்கள் மூட்டை கட்டி, வண்டி ஏறி, சேலம் தாண்டி, கோவை தாண்டி வந்து சேரும்போது மலையில் விளக்குப் போட்டிருப்பாங்க. தொடையில் ரத்தக் குழாய் அறுந்தவனுக்கு நிமிஷக் கணக்குதான் ஆயுள். விஷவாயு மூச்சில் போனவனுக்கும் அப்படித்தான். அவனுக்கு அரக்கோணம் ஆகாது. பழக்கடைக்காரர், வேன் டிரைவர், எஸ்டேட் தொழிலாளி, பர்லியாரில் எந்த நேரமும் நிற்கிற வனத்துறை, போலீஸ் ஊழியர்தான் ஆகும்.

இதற்கு உலகத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கு. 1995 மார்ச் 20, டோக்கியோ. ஓம் ஷின்ரிக்கியோ என்ற கூட்டம் சுரங்க ரயில்களில் சாரின் என்ற நரம்பு விஷத்தைக் கசிய விட்டது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிகளைத் தேடி ஓடினார்கள். ஓடினார்கள் என்பது நிஜமாகவே ஓடினார்கள். பெரும்பாலானவர்கள் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நடந்தும் டாக்ஸியிலும் கிடைத்த வண்டியிலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். செயின்ட் லூக்ஸ் என்ற ஒரே ஆஸ்பத்திரிக்கு அன்று 640 பேர். அங்கிருந்த தேவாலயத்தையும் வார்டாக்கினார்கள். வந்தவர்களின் துணியில் ஒட்டியிருந்த விஷம் காற்றில் கலந்து, வைத்தியம் பார்த்த ஊழியர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் கண் மங்கல், தலைவலி.

அதைவிட முக்கியம் இது. முதலில் அது வேறு ஏதோ ரசாயனம் என்றுதான் தகவல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் மட்சுமோட்டோ ஊரில் இதே விஷத்தைப் பார்த்திருந்த ஒரு பேராசிரியர், டிவியில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, "இது சாரின் மாதிரி இருக்கு" என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். மாற்று மருந்து தெரிஞ்ச மருந்துதான். ஆனால் டோக்கியோ நகரத்தில் போதுமான இருப்பு இல்லை. ஏன்னா அது பூச்சிமருந்து விஷத்துக்குக் கொடுக்கிற மருந்து, பெருநகரத்தில் அதுக்கு வேலை குறைவு. நகோயா பக்கத்திலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் சமாச்சாரம் வருது. சாரினும், தோட்டத்தில் அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் உடம்புக்குள் செய்வது ஒரே வேலை. நரம்புக்கும் தசைக்கும் நடுவில் சமிக்ஞையை நிறுத்துகிற நொதியை முடக்கிவிடும். கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், வாயில் நுரை, மூச்சுக்குழாயில் நீர், வியர்வை, வலிப்பு. இந்த அடையாளங்களை நம்ம தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் டியூட்டி பார்த்த எந்த டாக்டரும், எந்த நர்ஸ் அக்காவும் தூக்கத்திலும் சொல்லுவாங்க. மருந்துக் குடித்துவிட்டுக் கொண்டு வரப்பட்டவர்களை எத்தனை ராத்திரி பார்த்திருப்பாங்க! நுரையீரலில் நீர்ச் சத்தம் நிற்கும் வரை அட்ரோபின் ஏற்றிக்கொண்டே இருக்கணும், கூட பிராலிடாக்சிம். வார்டில் இதைச் சுருக்கமா பாம் ஊசின்னு சொல்வாங்க. பேரு அப்படி இருந்தாலும் இது காப்பாத்துற பாம்.

வயலும் தோட்டமும் கடனும் சேர்ந்து நமக்குக் கொடுத்த கசப்பான அனுபவம் இது. பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் டோக்கியோவிடம் அன்று இல்லாத ஒன்று நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கு. கையில் பழக்கம், அலமாரியில் மருந்து. இருக்கிற மருந்து ஒன்றிரண்டு நோயாளிக்குக் கணக்குப் போட்டு வைத்தது. நரம்பு விஷம் ஏறிய ஒருத்தருக்கே பெட்டி பெட்டியா அட்ரோபின் ஓடும். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வந்தால் அரை மணியில் அலமாரி காலி. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கு வழி காட்டிய மாநிலம் இது. குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் கூடுதலா ஒரு இருப்பு வைத்து, காலாவதி ஆகும் முன் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குச் சுழற்றி விடுவது ஒரு கஷ்டமா? கோடிக்கணக்கில் கருவி வாங்கும் டெண்டர் இல்லை இது. அதனாலேயே யாருக்கும் ஆர்வம் இல்லையோ என்னவோ.

அடுத்து தண்ணீர். விஷம் பட்டவருக்கு முதல் வைத்தியம் ஊசி இல்லை. காற்று வரும் பக்கமா, மேட்டுப் பக்கமா விலகி, மேல் துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவது. சாரின், குளோரின் போன்ற வாயுக்கள் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். மலைக்காரனுக்கு இது சொன்னால் உடனே புரியும், பனிமூட்டம் இறங்குகிற இடத்தில்தான் அதுவும் இறங்கும். துணியைக் கழற்றினாலே மேலே ஒட்டிய விஷத்தில் பெரும்பகுதி போய்விடும்னு பாடப்புத்தகம் சொல்லுது. ஆனால் ரோட்டில், ஆஸ்பத்திரி வாசலில், ஊரே பார்க்க எந்தப் பெண் துணியைக் கழற்றுவாள்? உயிரே போனாலும் மாட்டாள். அதனால் ஒரு மறைப்பு வேணும், மாற்றுத் துணி வேணும், பெண் ஊழியர் வேணும். டிசம்பர் மாதக் குன்னூர்க் குளிரில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் குழந்தையும் பெரியவங்களும் விறைச்சுப் போவாங்க, அதனால் வெந்நீரும் கம்பளியும் வேணும். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு உள்ளே இல்லாமல், வாசலுக்கு வெளியே ஒரு குழாய், ஒரு சாய்வான சிமெண்ட் தளம், நாலு தார்ப்பாய், இருபது நைட்டி, இருபது லுங்கி. இவ்வளவுதான். இதைச் செய்து வைக்காத ஆஸ்பத்திரியில் முதல் பத்து நோயாளிகளோடு டாக்டரும் படுத்துவிடுவார், அப்புறம் பதினோராவது ஆளை யார் பார்ப்பது?

குண்டுக் காயத்துக்கு வேற கணக்கு. அங்கே எதிரி ரத்தப்போக்கு. கை காலில் பீறிட்டால் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கி, குச்சி வைத்து முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்கணும். கயிறோ கம்பியோ கூடாது, தசையை அறுத்துவிடும். வயிற்றில், நெஞ்சில் குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. இதை ஒரு மதியத்தில் கற்றுக்கொடுக்கலாம். 108 சேவை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது, அதில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் பர்லியார் கடைத்தெருவில் ஒரு நாள் நின்று காட்டினால் போதும். கூட்டம் கூடாதே, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதே, இரண்டாவது குண்டு இருக்கலாம் என்பதையும் அங்கேயே சொல்லணும். அகமதாபாத் அதுக்குத்தான் பாடம்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குப் போலீஸ், கோர்ட் தொல்லை வராமல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ பிரிவு சேர்த்தாங்க. நல்லது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 முதல் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். அதுவும் நல்லது. இரண்டும் எழுதப்பட்டது சாலை விபத்துக்கு. குண்டு வெடித்தோ வாயு கசிந்தோ அடிபட்டவரையும், அவரைத் தூக்கி வந்தவரையும் இந்த இரண்டுக்குள்ளும் பெயர் சொல்லிக் கொண்டு வாங்கன்னு கேட்கிறோம். தாக்குதலில் தூக்கி வந்தவன் மேல்தான் சந்தேகம் முதலில் விழும், அவன் பெயரைப் பொறுத்து அது இன்னும் கனமா விழும். பயங்கரவாதத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் தர ஒன்றிய அரசிடம் திட்டம் இருக்கு. செத்த பிறகு கொடுக்கிற பணத்துக்கு விதிமுறை தெளிவா இருக்கு. சாகாமல் இருக்க முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் இல்லை.

பெயர் என்றதும் இன்னொன்று. 1997 நவம்பர் கடைசியில் கோவையில் நடந்த கலவரத்தில் அரசு மருத்துவமனை வளாகத்திலேயே மக்கள் தாக்கப்பட்டார்கள் என்பது நம் மண்டலத்தின் வெட்கக்கேடு. அடுத்த பிப்ரவரியில் அதே ஆஸ்பத்திரியில் குண்டு. இரண்டு தரப்பு வெறியும் கடைசியில் வந்து நின்ற இடம் நோயாளி படுக்கை. ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் பாதுகாப்பு என்று நாங்கள் கேட்பது மெட்டல் டிடெக்டர் மட்டும் இல்லை. உள்ளே வந்தவன் யாராக இருந்தாலும், குண்டு வைத்தவனாகவே இருந்தாலும், ரத்தம் நிற்கும் வரை அவன் நோயாளி. யார் செய்தான்னு கண்டுபிடிக்க போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. கட்டு போடுகிறவர் ஜாதகம் பார்க்க வேண்டாம்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 700 படுக்கை மருத்துவமனையை 2025 ஏப்ரலில் திறந்தாங்க. மலைக்கு இது பெரிய பலம், மனசாரப் பாராட்டுகிறோம். ஆனால் அது மலை உச்சியில் இருக்கு. பர்லியாரில் அடிபட்டவருக்கு மேலே குன்னூர், கீழே மேட்டுப்பாளையம், இரண்டில் எது திறந்திருக்கோ அதுதான் ஆஸ்பத்திரி. அதிலும் ஒரு சிக்கல், குன்னூர் நீலகிரி மாவட்டம், மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம். ரோட்டுக்கு மாவட்ட எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். மரப்பாலத்துக்குக் கீழே நடந்தால் எந்தக் கலெக்டர், எந்த ஆஸ்பத்திரி, எந்த 108, கோத்தகிரி ரோட்டை எப்போது திறந்துவிடுவது, வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியும் அருவங்காடு தொழிற்சாலை ஆஸ்பத்திரியும் பொதுமக்களுக்கு எந்த நேரத்தில் கதவைத் திறக்கும் என்பதை இரண்டு மாவட்டமும் ராணுவமும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதணும். 2021-ல் நம்ம ஜனம் ராணுவத்துக்குக் கதவைத் தட்டாமலே ஓடினாங்க. பதிலுக்கு அந்தக் கதவு திறக்கும்னு எழுத்தில் இருந்தால் நல்லது.

ஒத்திகை என்று சொல்லி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் சைரன் ஊதி, போட்டோ எடுத்து, டீ குடித்துக் கலைகிற சடங்கு வேண்டாம். ஒரு சனிக்கிழமை, சீசனுக்கு முந்தைய மாதம், பர்லியார் கடைத்தெருவில் நடக்கட்டும். கடைக்காரர்கள், சுற்றுலா வேன் ஓட்டுநர்கள், எஸ்டேட் தொழிலாளர்கள், பக்கத்துப் பழங்குடி ஊர்களின் இளைஞர்கள் எல்லாரும் அதில் இருக்கட்டும். நாற்பது பேரைக் காயக்காரர்களா படுக்க வையுங்க, குன்னூர் ஆஸ்பத்திரி வாசல் வரை நேரம் பாருங்க, வந்த நேரத்தை மறைக்காமல் வெளியிடுங்க.

குன்னூர், மேட்டுப்பாளையம் பகுதித் தோழர்கள் இந்த வாரமே கடைக்காரர்களையும் ஓட்டுநர் சங்கத்தினரையும் சந்தித்து, இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் கொடுக்க வேண்டிய மனுவில் கையெழுத்து வாங்குங்க. மருந்து இருப்பு, வாசலுக்கு வெளியே தண்ணீர்த் தளம், இரு மாவட்டக் கூட்டுத் திட்டம், 48 மணி நேரத் திட்ட விரிவாக்கம், பர்லியாரிலேயே ஒத்திகை. இந்த ஐந்தும் மனுவில் இருக்கணும். நஞ்சப்பசத்திரத்து மக்களையும் கூப்பிடுங்க, கம்பளியில் ஆளைத் தூக்குவது எப்படின்னு அவங்களைவிட நல்லா சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

#பர்லியாரில்_ஒத்திகை #மலைக்கு_முதல்_மருந்து